மணி அடித்த பிறகும் எரித்தாள்

டெனேரிஸ் டார்கேரியன் கிங்ஸ் லேண்டிங்கை எரித்தது ஒழுங்காக வளர்ந்து வந்த கதையா, கடைசி நேரத்தில் கெடுத்த கதையா? ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ முடிந்து இத்தனை வருடமாகியும் தெமட்டகொடையில் எங்கள் கூட்டத்துக்குள் இந்தச் சண்டை ஓயவில்லை. கலியாண வீடு, செத்த வீடு, பெருநாள் பிரியாணி என்று எதற்குக் கூடினாலும் யாராவது தொடக்கிவிடுவார்கள். தொடக்கினால் இரண்டு பிளேன்டீ முடியாமல் எழும்ப ஏலாது. என் பக்க வாதத்தை ஒரு தடவையாவது முழுமையாக எழுதிவிட வேண்டும் என்று கனகாலமாக நினைத்திருந்தேன். இனிமேல்தான் தொடரைப் பார்க்க இருக்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கதையின் முடிவு முழுவதும் கீழே வருகிறது.

பார்க்கும் எண்ணமே இல்லாமல் வாசிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996இல் தொடங்கிய நாவல் வரிசையை டேவிட் பெனியோஃப், டி. பி. வைஸ் இருவரும் எச்.பி.ஓ.வுக்காகத் தொடராக்கினார்கள். 2011 ஏப்ரல் 17 முதல் 2019 மே 19 வரை எட்டு சீசன், 73 எபிசோட். வெஸ்டரோஸ் என்ற கண்டத்தின் தலைநகர் கிங்ஸ் லேண்டிங்கில் இருக்கும் இரும்பு அரியணைக்காகப் பல குடும்பங்கள் அடித்துக்கொள்கின்றன. வடக்கே பனிச்சுவருக்கு அப்பால் செத்தவர்களின் படை எழும்பி வருகிறது. கடலுக்கு அந்தப் பக்கம், அரசிழந்த குடும்பத்தின் பெண் டெனேரிஸ், மூன்று டிராகன்களை வளர்த்துக்கொண்டு தன் தகப்பனின் அரியணையைக் கேட்டு வருகிறாள். மார்ட்டினின் ஐந்தாவது புத்தகம் 2011இல் வந்தது, ஆறாவது இன்னும் வந்தபாடில்லை. ஆகவே ஒரு கட்டத்துக்குப் பிறகு தொடர் புத்தகத்தை முந்திவிட்டது. முதல் ஆறு சீசனுக்கும் பத்துப் பத்து எபிசோட். ஏழாவதுக்கு ஏழு, எட்டாவதுக்கு வெறும் ஆறு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் போடுவது எங்களுக்குத் திங்கள் காலை ஆறரை. மத்தியானத்துக்குள் சந்திக் கொமியூனிகேஷன் கடையில் பென் டிரைவ் நீட்டினால் எபிசோட் கிடைத்துவிடும். சட்டப்படி சரியான வழியில்லை, ஆனால் கொழும்பில் எனக்குத் தெரிந்த அநேகம்பேர் அப்படித்தான் பார்த்தோம். சிங்களத்தில் ‘பைஸ்கோப்’ போன்ற தளங்களில் இளைஞர்கள் காசு வாங்காமல் உபதலைப்பு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தமிழில் எங்களுக்கு அப்படி ஒன்று கையில் கிடைக்கவில்லை. அதனால் எங்கள் கூட்டத்தில் ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்கள் சிங்கள எழுத்தில்தான் வெஸ்டரோஸை வாசித்தார்கள். ரயில்வே யார்டில் வேலை செய்யும் சிங்கள நண்பர், பேஸ்லைன் வீதியில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பன், நான், இன்னும் நாலைந்து பேர். மூன்று வீட்டு ஆட்களும் ஒரே உபதலைப்பைப் பார்த்துவிட்டு மூன்று விதமாகச் சண்டை பிடித்தோம்.

எங்கள் ஆட்கள் எந்தக் கதையைப் பார்த்தாலும் அதில் கர்ணன் யார் என்று தேடாமல் விடமாட்டார்கள். ஜேமி லனிஸ்டர்தான் கர்ணன் என்று கொஞ்சக்காலம் ஒரு கட்சி இருந்தது. மன்னனைக் குத்திக் கொன்றவன் என்ற பழியைச் சுமக்கிறான், கொன்றதோ நகரத்தையே எரிக்கச் சொன்ன பைத்தியக்கார மன்னனை, டெனேரிஸின் தகப்பனை. அந்த உண்மையை ஊருக்குச் சொல்லாமலே திரிகிறான். நல்ல வாதம்தான். ஆனால் என்னைக் கேட்டால் கர்ணன் என்றால் ஜோன் ஸ்நோதான். பிறப்பு மறைக்கப்பட்டவன், கள்ளப்பிள்ளை என்று ஏச்சு வாங்கி வளர்ந்தவன், போருக்கு முதல் நாள் தான் யாருடைய பிள்ளை என்று அறிகிறவன். வித்தியாசம் அதற்குப் பிறகுதான். கர்ணன் தன் பிறப்பை அறிந்ததும், இதைத் தருமனிடம் சொல்லிவிடாதே என்று கண்ணனைக் கேட்டுக்கொள்கிறான். சொன்னால் தருமன் நாட்டை விட்டுக்கொடுத்துவிடுவான் என்று அவனுக்குத் தெரியும். அரியணைக்குத் தன்னை விட ஜோனுக்குத்தான் உரிமை கூட என்று தெரிந்ததும் டெனேரிஸ் அவனிடம் அதையேதான் கேட்கிறாள்: யாரிடமும் சொல்லாதே. அவன் தங்கைகளிடம் சொல்ல விடுகிறான். தங்கை சான்சா டெனேரிஸின் ஆலோசகன் டிரியனிடம் சொல்ல, டிரியன் இன்னொரு ஆலோசகன் வாரிஸிடம் சொல்ல, இரகசியம் ஒரு கிழமைக்குள் சதியாகிவிடுகிறது. நேர்மையானவன் என்று பெயரெடுத்தவன் வாயைத் திறந்ததால் வந்த வினை. டெனேரிஸ் உடைந்ததற்கு அரைவாசிக் காரணம் அங்கே இருக்கிறது என்பதை ஜோன் இரசிகர்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள்.

இனி 2019க்கு வருகிறேன். கடைசி சீசன் ஓடிய ஆறு கிழமைகளை இந்த நாட்டின் கலண்டரோடு சேர்த்துத்தான் என்னால் நினைக்க முடியும்.

முதல் எபிசோட் புத்தாண்டுக்கு மறுநாள், ஏப்ரல் 15. வீட்டில் பலகாரம் தீரவில்லை, எல்லோரும் சந்தோசமாகக் கதைத்தோம். அடுத்த ஞாயிறு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள் என்று குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அன்று பின்னேரத்துக்குள் எங்கள் தெமட்டகொடையிலும் ஒரு வீட்டில் குண்டு வெடித்தது. சோதனைக்குப் போன பொலிஸார் மூன்று பேர் அங்கே இறந்தார்கள். ஊரடங்கு போட்டார்கள். பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள்.

இரண்டாவது எபிசோட் வெளியானது மறுநாள் காலை. எங்களில் யாரும் அன்று பார்க்கவில்லை. சில நாள் கழித்து, வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள் இருந்த ஒரு இரவில்தான் பார்த்தேன். பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த எபிசோடில் சண்டையே இல்லை. விடிந்தால் செத்தவர்களின் படை வந்துவிடும். அதற்கு முதல் இரவு, வின்டர்ஃபெல் கோட்டையில் ஆட்கள் நித்திரை வராமல் நெருப்பைச் சுற்றி இருந்து கதைக்கிறார்கள். ஒருவன் குடிக்கிறான், ஒருவன் பாடுகிறான். நைட் பட்டம் பெண்களுக்குக் கிடையாது என்ற ஊரில் ஜேமி எழும்பி பிரியனுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுக்கிறான். பிரியன் சிரிக்கிற அந்தச் சிரிப்பு எட்டு வருடத் தொடரிலேயே எனக்குப் பிடித்த இடம். எல்லா டிராகனையும் எல்லாப் போரையும் விட அந்த ஒரு மணித்தியாலம் பெரியது. பயந்திருக்கிற மனிதர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதத் தெரிந்த கைகள் அந்த அறையில் இருந்தன. பின்னால் வந்த குறைகளுக்கு “அவர்களுக்கு எழுதத் தெரியாது” என்று யாராவது சொன்னால் இந்த எபிசோடை எடுத்துக் காட்டுவேன்.

மூன்றாவது எபிசோட், 82 நிமிடப் போர், 55 இரவுகள் படம்பிடித்தது. உலகம் முழுக்க “ஒன்றும் தெரியவில்லை, இருட்டு” என்று முறைப்பாடு. எங்களுக்கு அந்த முறைப்பாடு உடனே வந்து சேரவில்லை, ஏனென்றால் சமூக வலைத்தளத் தடை ஏப்ரல் 30 வரை நீடித்தது. அந்த நாட்களில் கதையைக் கதைக்க வேண்டுமென்றால் ஆளைத் தேடிப்போக வேண்டியிருந்தது. ஒழுங்கை முகப்பில் நின்று, போகிற வருகிற ஆமிக்காரர்களுக்கு அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு, ஜோனின் தங்கை ஆர்யா செத்தவர்களின் தலைவன் நைட் கிங்கைக் கொன்றது நியாயமா என்று கதைத்தோம். மீம் இல்லை, ஸ்கிரீன்ஷொட் இல்லை. ஒரு காட்சியைச் சொல்ல வேண்டுமென்றால் வாயால் முழுவதையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்ற, தொடரைப் பார்க்காத ஆட்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பயத்தில் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே கூசிய கிழமை அது. குறிப்பாக என் உதிரிப்பாகக் கடை நண்பன் வீட்டை விட்டு வெளியே வரவே யோசித்தான். இந்தக் கதை அவனை ஒழுங்கை முகப்புக்கு வரவழைத்தது. அதற்காகவே இந்தத் தொடருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

நாலாவது எபிசோடில்தான் கதை தடம் புரளத் தொடங்கியது. டெனேரிஸின் இரண்டாவது டிராகனைக் கடலில் பதுங்கி நின்ற கப்பல்கள் அம்பெய்து விழுத்துகின்றன. வானத்தில் பறக்கிறவளுக்கு ஒரு கடற்படை எப்படித் தெரியாமல் போனது? அவள் அந்தக் கடற்படையை மறந்துவிட்டாள் என்று எச்.பி.ஓ.வின் விளக்க வீடியோவில் பெனியோஃப் சொன்னார். ஏழு சீசன் நாங்கள் நம்பி வளர்த்த ஒரு பாத்திரத்துக்கு இப்படியொரு காரணம் கொடுக்கக் கூடாது. அதே எபிசோட் முடிவில் சங்கிலியோடு நிற்கும் மிசாண்டேயின் தலையை வெட்டுகிறார்கள். அடிமைச் சந்தையிலிருந்து டெனேரிஸ் மீட்டுக் கூட்டிவந்த பெண்.

பிறகு ஐந்தாவது, ‘த பெல்ஸ்’. இலங்கை நேரப்படி மே 13.

காட்சியைச் சொல்கிறேன். டிரியன் டெனேரிஸிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறான்: நகரத்தார் மணி அடித்தால் சரணடைந்தார்கள் என்று அர்த்தம், அப்போது தாக்குதலை நிறுத்திவிடு. அவள் கப்பல்களை எரிக்கிறாள், மதிலை உடைக்கிறாள். எதிரிப் படை வாளைக் கீழே போடுகிறது. சனம் “மணியை அடியுங்கள்” என்று கத்துகிறது. மணி அடிக்கிறது. போர் முடிந்துவிட்டது. அவள் மதில்மேல் டிராகனில் இருந்து தூரத்து அரண்மனையைப் பார்க்கிறாள், முகம் கோணுகிறது, பறக்கிறாள். நேரே அரண்மனைக்குப் போகவில்லை, தெருத்தெருவாக எரித்துக்கொண்டு போகிறாள்.

அதற்குப் பிறகு அந்த எபிசோட் முடியும்வரை டெனேரிஸின் முகத்தை நாங்கள் ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. இதைக் கவனித்தீர்களா? டிராகனின் வயிறும் நிழலும் மட்டும்தான். கமரா கீழே, சனத்தோடு ஓடுகிறது. ஆர்யா ஒரு தாயையும் மகளையும் இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கிறாள், முடியவில்லை. கடைசியில் கரிந்துபோன இரண்டு உடல்கள், பிள்ளையின் கையில் மரத்தால் செய்த குதிரைப் பொம்மை. இயக்குநர் மிகேல் சபோச்னிக் எடுத்த இந்த முடிவை எத்தனை தடவை வேண்டுமானாலும் மெச்சுவேன். குண்டு போடுகிறவரின் முகம் கீழே ஓடுகிறவருக்குத் தெரியாது. அதை அறிந்தவர்கள் நாங்கள்.

அந்தத் தெருக்களை பெல்ஃபாஸ்டில் செட்டாகக் கட்டினார்கள். அதற்கு முந்திய சீசன்களில் கிங்ஸ் லேண்டிங்காகக் காட்டியது பெரும்பாலும் குரோவேசியாவின் டுப்ரோவ்னிக் பழைய நகரத்தை. 1991இல் முற்றுகையிடப்பட்டு ஷெல் விழுந்த நகரம் அது. கற்பனை நகரம் என்றாலும் அதற்கு நிலம் கொடுத்த இரண்டு ஊர்களும் குண்டுச் சத்தம் கேட்டவை.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் இருந்தார். ஆங்கிலத் தொடரெல்லாம் அவர் பார்ப்பதில்லை. அம்மாவின் ஊர் காரைதீவு. கலியாணம் கட்டிக் கொழும்புக்கு வந்த புதிதில் 83 ஜூலைக் கலவரம். கனத்தை மயானத்தில் தொடங்கி பொரளைக் கடைகள் எரிந்து, பேஸ்லைன் வீதி வழியாக அது எங்கள் பக்கம் வந்தபோது அவர் பக்கத்துச் சிங்கள வீட்டுக் குசினிக்குள் ஒளிந்திருந்தவர். திரையில் சாம்பல் பனி மாதிரிக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “மணி அடிச்சிட்டாங்களே மகன், பொறகும் ஏன் எரிக்காள்?”

எட்டு வருடம் தியரி கதைத்த எங்களில் யாரும் இதைவிடச் சரியாக அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அன்று பின்னேரம் மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. குளியாப்பிட்டிப் பக்கம் முதல் நாளே தொடங்கியிருந்தது. நாடு முழுவதும் இரவு ஊரடங்கு, சமூக வலைத்தளங்களுக்கு மறுபடி தடை. நோன்பு மாதம். நண்பன் நோன்பு திறந்த கையோடு போன் எடுத்தான். கடைக் கதவுக்கு இன்னொரு பூட்டுப் போடலாமா என்றுதான் கேட்டான். டெனேரிஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

சண்டை பிறகுதான் வந்தது. ரயில்வே நண்பரின் கட்சி, இரத்தம். டார்கேரியன் பிள்ளை பிறக்கும்போது கடவுள்மார் காசைச் சுண்டிப் பார்ப்பார்களாம், பெருமையா பைத்தியமா என்று. தகப்பன் பைத்தியம், மகளும் பைத்தியம், கணக்கு முடிந்தது. எனக்கு இது கொஞ்சமும் ஏற்கவில்லை. குலத்தில் ஓடுகிற குணம் என்று சொல்லிவிட்டால் செய்தவரைக் கேள்வி கேட்கத் தேவையில்லாமல் போய்விடும். இந்த நாட்டில் ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் அவனவன் இனத்தின் இரத்தத்தைப் பற்றிக் கதைத்தவர்களைக் கேட்டிருக்கிறோம். ஒரு நல்ல கதை அந்த வழியில் போகக் கூடாது.

இன்னொரு கட்சி, முன்கூட்டியே காட்டினார்கள் என்பது. உண்மைதான், காட்டினார்கள். முதல் சீசனில் மந்திரக்காரியை உயிரோடு எரிக்கிறாள். மீரின் நகரத்தில் 163 அடிமை எசமானர்களைச் சிலுவையில் அறைகிறாள். மண்டியிடாத டார்லி தகப்பனையும் மகனையும் எரிக்கிறாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் யாரைக் கொன்றாள்? தனக்கோ அடிமைகளுக்கோ கொடுமை செய்தவர்களை, அல்லது தன்னை எதிர்த்து நின்றவர்களை. சரணடைந்த சனத்தை அல்ல. அங்கிருந்து இங்கே வர ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதையைப் போட மூன்று நாலு எபிசோடாவது தேவைப்பட்டிருக்கும். இவர்கள் அடுப்பில் வைத்த அரிசி அவியமுன்னமே இறக்கிப் பரிமாறிவிட்டார்கள்.

என் கட்சி மூன்றாவது. அநியாயம் இழைக்கப்பட்ட ஒரு பெண் ஒரு நகரத்தை எரிப்பது எங்களுக்குப் புதுக் கதையில்லை. நாங்கள் அவளைக் கும்பிடுகிறவர்கள்.

கண்ணகியை எடுத்துக்கொள்ளுங்கள். புருசனைக் கள்வன் என்று வெட்டிப் போட்டார்கள். அவள் நேரே போய்த் தீ வைக்கவில்லை. முதலில் அரண்மனை வாசலுக்குப் போகிறாள், வழக்குரைக்கிறாள், சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். அரசியின் சிலம்பில் முத்து, இவளுடையதில் மாணிக்கம். பாண்டியன் தன் தீர்ப்புப் பிழை என்று அறிந்த அந்த இடத்திலேயே உயிர் விடுகிறான், அரசியும் விழுகிறாள். அதற்கும் பிறகுதான் மதுரை எரிகிறது. எரிக்கும்போதும் முதியோரை, குழந்தைகளை, பசுக்களை, பத்தினிப் பெண்களை, அறவோரை விட்டுவிடு என்று தீயிடம் சொல்கிறாள். அப்படியும் அது எனக்கு உறுத்துகிற இடம்தான். அரசன் செத்த பிறகு ஊர் ஏன் எரிய வேண்டும்? அம்மா கேட்ட கேள்வி அங்கேயும் நிற்கிறது. இளங்கோ அந்தக் கேள்வியைத் தாண்டி ஓடவில்லை. மதுரையின் காவல் தெய்வம் அவள் பின்னால் வந்து நின்று சமாதானம் பேசவேண்டி வருகிறது.

எங்கள் கிழக்கு மாகாணத்து ஆட்கள் அதற்கும் மேலே போனார்கள். மட்டக்களப்பிலும் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மன் சடங்கு. பல கோயில்களில் ஆண்டுக்கு அந்த ஒரு தடவைதான் கதவு திறக்கும். இரவிரவாகக் கண்ணகி வழக்குரை படிப்பார்கள், கடைசி நாள் குளிர்த்தி. ஊரை எரித்துவிட்டு வந்தவளின் கோபத்தை ஊரே கூடி நின்று தணிக்கிற சடங்கு. எரித்தது கதையின் பாதி, குளிர்விப்பது மற்றப் பாதி. இதை நான் சந்தியில் சொன்னபோது ரயில்வே நண்பர் உடனே பிடித்துக்கொண்டார். அவருடைய தாய் நவகமுவ பத்தினி தேவாலயத்துக்கு நேர்த்தி வைக்கிறவர். பாண்டி நகரத்தை எரித்த பத்தினியை அவருக்கும் தெரியும், நோய் தணிக்கவும் மழை பெய்யவும் கம்மடுவ சடங்கில் அவளைப் பாடி அழைப்பதையும் தெரியும். அன்றிலிருந்து அவர் இரத்தக் கட்சியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். முழுவதும் விடவில்லை.

ஆகவே டெனேரிஸ் எரித்ததால் தொடர் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். எரித்த பிறகு கதை என்ன செய்தது என்பதில்தான் கெட்டது.

ஆறாவது எபிசோட் எங்களுக்கு மே 20 காலை. இரண்டு நாள் முந்தித்தான் மே 18, முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பத்து வருடம். அதே நாள் வெசாக் பொயா, அந்த வருடம் பந்தல்களின் வெளிச்சம் குறைந்த வெசாக். அந்த மனதோடு பார்க்கத் தொடங்கினேன். முதல் பாதி நன்றாக இருந்தது. டிரியன் சாம்பலுக்குள் நடந்து போகிறான், செங்கல்லைப் புரட்டித் தமையனையும் தமக்கையையும் கண்டெடுக்கிறான். தெருவில் டெனேரிஸின் படைத்தலைவன் கிரே வேர்ம் சரணடைந்த படைவீரர்களின் கழுத்தை அறுக்கிறான். ஜோன் டெனேரிஸைக் கட்டிப்பிடித்தபடி குத்துகிறான். டிராகன் அவளை விட்டுவிட்டு இரும்பு அரியணையை உருக்குகிறது. அதுவும் நல்ல காட்சிதான்.

பிறகு ஒரு வெட்டு. சில கிழமைகள் போய்விட்டன. வெய்யில். பிரபுக்கள் வட்டமாகக் கதிரை போட்டு இருக்கிறார்கள். அடுத்த அரசன் யார் என்று கேள்வி வருகிறது. ஜோனின் நண்பன் சாம்வெல் எழும்பி, சனமெல்லாம் சேர்ந்து தெரிவு செய்தால் என்ன என்று கேட்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள், நாய்க்கும் குதிரைக்கும் வாக்குக் கொடுப்போமா என்கிற தோரணையில். பிறகு சான்சாவின் தம்பி பிரானை அரசனாக்குகிறார்கள், வடக்கைச் சான்சாவுக்குக் கொடுக்கிறார்கள், மந்திரிசபை கூடி கப்பலுக்கும் விபசார விடுதிக்கும் எதற்கு முதலில் காசு என்று பகிடி விடுகிறது. அந்தக் கரிந்த நகரத்தில் உயிர் தப்பிய ஒரு ஆளாவது வாய் திறந்து ஒரு வசனம் பேசவில்லை. மணியை அடியுங்கள் என்று கத்திய சனம் எங்கே? பிணங்களை எடுத்தது யார்? காணாமல்போனவர்களைத் தேடியது யார்? எபிசோட் முடியும்வரை அவர்களின் கண்ணால் எங்களைப் பார்க்க வைத்துவிட்டு, அடுத்த எபிசோடில் அவர்களையே கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இணையத்தில் மனுவில் ஒப்பமிட்டார்கள். நான் ஒப்பமிடவில்லை. ஒரு கதையைச் சொன்னவரே திரும்பச் சொல்ல வேண்டும் என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதே வருடம் செப்டெம்பரில் சிறந்த நாடகத் தொடருக்கான எமி விருதும் இந்தத் தொடருக்குத்தான் கிடைத்தது. விருதுக்குத் தகுந்த நடிப்பும் இசையும் ஒளிப்பதிவும் அதில் இருக்கத்தான் செய்தன. டெனேரிஸாக நடித்த எமிலியா கிளார்க் மதில்மேல் இருந்து பார்க்கிற அந்தச் சில வினாடியில், எழுத்தில் இல்லாத பாதையை முகத்தால் போடப் பார்த்திருக்கிறார்.

இதைப் பற்றி உதிரிப்பாகக் கடை நண்பன் சொன்னதுதான் எனக்குக் கடைசித் தீர்ப்பு. ஜூன் மாதம், பெருநாள் முடிந்து, கடை வழமைக்கு வந்த பிறகு ஒரு நாள் நாங்கள் எல்லோரும் பைத்தியமா, துக்கமா, காதலா என்று அடித்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: “டிராகன்ல யாரு இருந்தாண்டு எனக்குத் தேவல்ல மச்சான். கீழ ஓடினவங்கட கதயச் சொல்லு.”

2022 ஓகஸ்டில் ‘ஹவுஸ் ஒஃப் த டிராகன்’ வந்தது. டெனேரிஸுக்கு ஏறக்குறைய இருநூறு வருடம் முந்திய அவளுடைய முன்னோரின் சொத்துச் சண்டை. மின்வெட்டும் பெற்றோல் வரிசையும் இருந்த நேரம் என்பதால் மின்சாரம் இருக்கிற நேரத்தைப் பார்த்துத்தான் எபிசோடைப் போட்டோம். அதில் மோதுகிற பச்சைக் கட்சியா கறுப்புக் கட்சியா என்று எங்கள் கூட்டமும் இரண்டாகப் பிரிந்தது. அதன் இரண்டாவது சீசனில், 2024இல், முற்றுகையால் பட்டினி கிடக்கும் நகரத்து ஆட்களுக்கு, ஒரு கொல்லனுக்கும் அவன் குடும்பத்துக்கும், கொஞ்சமாவது இடம் கொடுத்தார்கள். பழைய குறையை யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

டெனேரிஸ் பக்கம் நிற்கிறவர்கள் இதை வாசித்தால் கட்டாயம் எழுதுங்கள். வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஸ்காபரோவிலிருந்தோ, எங்கிருந்தாலும் வாதாடலாம். ஐந்தாவது எபிசோடை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். மணி அடிக்கிற இடத்திலிருந்து கமரா யாரோடு ஓடுகிறது என்று கவனியுங்கள், பிறகு ஆறாவதில் அவர்களைத் தேடுங்கள். உங்கள் கட்சி எதுவாக இருந்தாலும் அந்த ஆட்களையும் கணக்கில் எடுத்து எழுதுங்கள். மற்ற எல்லாவற்றையும் நான் விட்டுக்கொடுக்கத் தயார்.